முத்துச்செல்வத்தின் இடது கை

என் தம்பி முத்துச்செல்வத்தைப் பற்றி இணையத்தில் யாரோ ஒரு மகராசன் கட்டுரை எழுதியிருக்கிறார். புகழின் உச்சியில் இருந்தபோது ஆன்மிகத் தேடலுக்காக மேடையைத் துறந்து சொந்த ஊருக்குத் திரும்பிய ராக் கிட்டார் கலைஞராம் இவன். கூடவே, சூரியகாந்தி வயலுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம் வேறு. ஆன்மிகத் தேடலாவது மண்ணாங்கட்டியாவது! வெயில் கண்ணில் அடித்தது, மூடிக்கொண்டான். அந்தப் படத்தை எடுத்ததே நான்தான்.

நான் ஜெயசித்ரா. தென்காசியில் போலீஸ் ஏட்டு. சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்து அருவிக்கரையில்தான் எனக்கு டூட்டி. கூட்டத்தைப் பார்த்துக் கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆகிப்போனது. நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். "எழுதுக்கா. ஆனா அடிக்க வாற மாதிரி எழுதாத" என்றான். முயற்சி செய்கிறேன்.

எங்களுக்கு ஊர் சுந்தரபாண்டியபுரம். எங்கள் சொந்தத்தில் ஆண்பிள்ளை என்றால் ஒன்று பட்டாளம், இல்லாவிட்டால் போலீஸ். மற்றவர்களுக்கு விவசாயம். எங்கள் வீட்டில் மட்டும் எல்லாம் மாறிப்போயிற்று. பெண்பிள்ளை நான் போலீஸ் ஆனேன், ஆண்பிள்ளை இவன் கிட்டாரைத் தூக்கினான். அப்பா சொள்ளமுத்துவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. என் வேலைக்குச் சீருடை இருந்ததால் என்னை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் மன்னித்தார்.

இவனுக்குக் கிட்டார் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமே ஒரு சினிமாக்காரன்தான். சூரியகாந்தி பூத்துவிட்டால் எங்கள் ஊருக்கு ஷூட்டிங்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். இவன் ஒன்பதாவது படிக்கும்போது அப்படி வந்த ஒரு கதாநாயகன், அப்பாவின் வயலில் நின்று கிட்டார் வாசிக்கிற மாதிரி நடித்தான். பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது, அவன் கை சும்மா ஆடுகிறது. வேடிக்கை பார்க்கப் போனவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அதுல ரெண்டு கம்பி அறுந்து தொங்குதுக்கா. அத வச்சி ஊர ஏமாத்துதான்" என்று எரிந்து விழுந்தான். சரி, கம்பி அறுந்தால் உனக்கென்ன என்று கேட்டேன். அது எப்படிச் சத்தம் போடும் என்று தெரிய வேண்டுமாம்.

தென்காசிப் பள்ளிக்கூடத்தில் இவனோடு படித்த ஜோஷ்வா சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். அவனிடம் பழையது ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து தம்பி எங்கள் வயலில் மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்துகொள்வான். வீட்டில் வாசித்தால் அப்பா திட்டுவார் என்று பயம். மோட்டார் சத்தத்தை மீறித் தனக்குக் கேட்க வேண்டும் என்பதால் கம்பியை வெறிகொண்டு அடிப்பான். பின்னாளில் பெங்களூர்ப் பத்திரிகைகள் இவனுடைய 'முரட்டு வலது கை'யைப் புகழ்ந்து எழுதியபோது நான் அந்த மோட்டாரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலியில் எஞ்சினியரிங் படித்தான். படித்தான் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கடைசி வருடம் கல்லூரி விழாவில் இவன் வாசித்ததைக் கேட்ட ஒருவர் மூலம் பெங்களூரில் 'பியூஸ் கேரியர்' என்ற குழுவில் இடம் கிடைத்தது. இங்கிலீஷ் பாட்டுக் குழு. வடக்கே பெரிய பெரிய மைதானங்களில் வாசிப்பார்கள். மற்ற நான்கு பேரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இவன் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று வாசிப்பான். ஆனால் கூட்டம் கத்துவது இவனுக்குத்தான்.

அங்கேதான் அந்த வில்லங்கமும் பிறந்தது. எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். ஆடி மாதம் நடக்கிற கோவில் விழாவான கொடையில், சாமியாடிமேல் மாடன் இறங்க வேண்டும் என்றால் மேளக்காரர்கள் அதற்கென்று ஒரு அடி அடிப்பார்கள். மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். எங்கள் அப்பாதான் சாமியாடி என்பதால் தொட்டிலில் இருந்தே நாங்கள் கேட்ட சத்தம் அது. தம்பி என்ன செய்தான், அந்த அடியைக் கிட்டாரில் போட்டு ஒரு பாட்டுக்கு முன்னால் வாசித்துவிட்டான். அது பிய்த்துக்கொண்டு போனது. கூட்டத்தில் யாருக்கும் அது மாடனுக்கு உரியது என்று தெரியாது. தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள்.

அந்தப் பேரோடுதான் சென்னைக்கு வந்தான். 'கொடுக்கு' என்ற தமிழ் ராக் குழு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடகன் ஆசிப் நல்ல பையன், கொஞ்சம் வாய் நீளம். ஆசிப் பாட, இவன் வாசிக்க, டிரம்ஸுக்கு ஜோஷ்வாவையும் தென்காசியிலிருந்து இழுத்துக்கொண்டான். வெளிநாடெல்லாம் போனார்கள். சினிமாப் பாட்டுகளில் இவன் கிட்டார் வந்தது. டிவியில் ஒருநாள் இவன் மேடையில் துள்ளித் துள்ளி வாசிப்பதை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மழ பெஞ்ச தரை மாதிரி இருக்கு. கால் வழுக்கிரப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அவ்வளவுதான் விமர்சனம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு கல்லூரி மைதானத்தில் சாயங்காலக் கச்சேரி. அந்தச் சாமி அடியை இவன் தொடங்குகிறான். ஏறிக்கொண்டு வருகிறது. திடீரென்று இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளே மடங்கிக்கொண்டன. இழுத்து விடுகிறான், மறுபடி மடங்குகிறது. கையே நடுங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை உதறுகிறான். ஆசிப் சமாளித்துப் பாட்டை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டான். பார்த்தவர்கள் இவன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

அதன்பின் கிட்டாரைத் தொட்டாலே அந்த இரண்டு விரலும் மடங்கும். வேறு எதற்கும் ஒன்றும் செய்யாது. பைக் ஓட்டலாம், தண்ணீர்க் குடம் தூக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். கிட்டாரை மடியில் வைத்த மறுநிமிடம் பழையபடிதான். யாருக்கும் சொல்லாமல் சென்னையில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தான். கை நன்றாகத்தான் இருக்கிறது, மூளையிலிருந்து கைக்கு உத்தரவு போகிற வழியில் குழப்பம், வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு எப்போதாவது இப்படி வரும் என்றாராம். முழுதாகச் சரியாகும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பயிற்சி கொடுத்துச் சுற்றுவழி கண்டுபிடிக்கலாம், தள்ளிப்போடாமல் வா என்றும் சொன்னாராம். இந்த மடையன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு திரும்பப் போகவே இல்லை.

இங்கே எங்கள் சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லாரும் இன்னும் அவருக்கு அணிவகுப்பில்தான் நிற்கிறோம். குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தக் கச்சேரி வீடியோ எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. நடுங்குகிற கை, உதறுகிற தலை, கடித்த பல், பின்னால் சாமி அடி. அவருக்கு வேறென்ன தோன்றும்? "மாடன் நம்ம முத்துமேல எறங்கிட்டாரு" என்று குழுவில் போட்டுவிட்டார். அத்தனை பேரும் கும்பிடு போட்டார்கள். கூப்பிடுகிற அடியை அடித்தால் சாமி பெங்களூர் என்று பார்ப்பாரா, சென்னை என்று பார்ப்பாரா, வந்துவிட்டார் என்று முடிவாகிவிட்டது.

அதற்குத் தோதாக, அப்பாவின் ஆட்டமும் இரண்டு மூன்று கொடையாகத் தளர்ந்துதான் இருந்தது. முன்பு போலத் துள்ளுவதில்லை. மாடன் அப்பாவை விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடுகிறார் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. சித்தப்பா தம்பிக்குப் போன் செய்து, வருகிற ஆடிக் கொடைக்கு நீதான் சல்லடம் கட்ட வேண்டும் என்றார். சல்லடம் என்பது சாமியாடி இடுப்பில் கட்டுகிற மணி வைத்த உடுப்பு. ஒருமுறை கட்டினால் சாகிறவரைக்கும் அந்த ஆள்தான். விரதம், வெள்ளி செவ்வாய்ப் பூசை, குறி கேட்டு வருகிறவர்கள் என்று ஊரோடு கிடக்க வேண்டியதுதான்.

தம்பி மறுக்கவில்லை. ஆசிப்பிடம், "ஊர்ல கோவில் பொறுப்பு வந்துட்டு, இனி வரமுடியாது" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினான். ஆசிப் அதை அப்படியே மேடையில் அறிவித்தான். அதை அந்தக் கட்டுரைக்காரர் ஆன்மிகத் தேடல் ஆக்கிவிட்டார். இதுதான் அந்தப் பெரிய துறவின் கதை.

எனக்கு உண்மை தெரிந்தது ஐந்தருவியில். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் எனக்கு டூட்டி. இவன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான்.

"என்னலே, விரதம் இருக்கப் போறவன் இங்கன வந்து நிக்க?"

"ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு. இரு, அந்தா ஒருத்தி சோப்பு போடுதா பாரு" என்று விசிலை ஊதினேன்.

நான் விசில் ஊதுகிற இடைவெளியில் எல்லாம் அவன் சொல்லி முடித்தான். விரல் மடங்குவது, டாக்டர் சொன்னது, எல்லாம். கடைசியில் விசிலை நான் வாயில் வைக்கவே இல்லை. பெண்கள் இஷ்டத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமியும் வரல, ஒண்ணும் வரலக்கா. கை சரியில்ல. அவ்வளவுதான்."

"இத வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க என்னலே ஒனக்கு?"

"எப்படிச் சொல்ல? மாடன் வந்துட்டாருன்னு எல்லாரும் சந்தோசமா இருக்காவ. நோயின்னு சொன்னா அப்பா மொகம் என்னத்துக்கு ஆகும்? அதுவும் போக..."

"அதுவும் போக?"

"சாமின்னு இருந்துட்டா, கை போனவன்னு யாரும் சொல்ல மாட்டாவல்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன். ஊரெல்லாம் கைதட்டின கை. அது போய்விட்டது என்று ஒருவரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக மாடனிடம் கொண்டுபோய் ஒளித்துவைக்கப் பார்க்கிறான். மாடன் தலையில் கட்டிவிட்டால் பிறகு எந்த டாக்டரிடமும் போக முடியாது, எந்தக் கிட்டாரையும் தொட முடியாது. இவனுக்கே அது தெரிந்துதான் இருந்தது.

"சரி, கொடையன்னைக்கு மேளத்த அடிச்சிருவான். வராத சாமிய எங்கன போயி கூட்டிட்டு வருவ?"

"தெரியலக்கா. ஆடணும். சும்மாவாவது ஆடணும்" என்றான். சொல்லும்போதே அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அப்பாவிடம் நானே பேசிவிடலாம் என்று மறுநாள் வயலுக்குப் போனேன். வாய்க்கால் மடையை வெட்டிக்கொண்டிருந்தார். "எப்பா, தம்பி விசயமா..." என்று ஆரம்பித்தேன். மண்வெட்டியை நிறுத்தாமலே, "கால்நாட்டியாச்சு. இனி எதுன்னாலும் மாடன் பாடு" என்றார். பந்தல்கால் நட்டுவிட்டால் கொடை முடிகிறவரை அதைப்பற்றி மாற்றுப் பேச்சு பேசக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. ஸ்டேஷனில் எத்தனையோ பேரை மிரட்டிப் பேச வைத்திருக்கிறேன். இந்த மனிதர் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

விரத நாட்களில் அப்பாவும் தம்பியும் கோவில் கொட்டகையிலேயே தங்கினார்கள். பழைய சாமியாடியும் புதிய சாமியாடியும் அப்படித்தான் தங்க வேண்டும். ஒருநாள் காலையில் நான் பால் கொண்டுபோனபோது தம்பி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பா நேத்து கிட்டார எடுத்துட்டு வரச் சொன்னாருக்கா."

"யாரு, நம்ம அப்பாவா?"

"வாசின்னாரு. வாசிச்சேன். விரல் மடங்கிட்டு. அப்புறம் கிட்டாரக் கீழ வச்சிட்டு, பந்தல் கயித்து முடிச்ச அவுருன்னாரு. விரல் ஒழுங்கா நின்னுது, அவுத்தேன். மறுபடி கிட்டார எடுன்னாரு. மறுபடி மடங்கிட்டு. பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணுஞ் சொல்லாம எழுந்து போய்ட்டாரு."

சாமி வந்திருக்கிறதா என்று அப்பா சோதித்துப் பார்த்து, வந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அன்றைக்கு நான் கொண்டுபோன பாலை இவன் குடிக்கவே இல்லை.

கொடை அன்றைக்கு எனக்கு லீவு. மத்தியானக் கொடைக்கு வாசுதேவநல்லூரிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும்கூடச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கிட்டார் வாசிக்கிற பையன்மேல் மாடன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். மாடனின் பீடத்துக்கு முன்னால் தம்பி சல்லடம் கட்டி, தலையில் குல்லா வைத்து, கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு நின்றான். அப்பா ஓரமாக, தோளில் துண்டோடு, பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் கொடை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மேளம் தொடங்கியது. ஏறியது. அடிக்கிறவர்கள் முகத்தில் வேர்வை வழிகிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். தம்பி அசையாமல் நிற்கிறான். சித்தப்பா, "ஓங்கி அடிங்கப்பா, இன்னும் ஓங்கி அடி" என்று பட்டாளத்துக் குரலில் கத்துகிறார். ஓங்கித்தான் அடித்தார்கள். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. எங்கள் அத்தை மூக்கம்மாளுக்குக்கூட உடம்பு லேசாக ஆடத் தொடங்கிவிட்டது. இவனுக்கு ஒன்றும் இல்லை. அந்த இடது கை, சனியன், அன்றைக்குப் பார்த்துச் சாதுவாக நேராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "என்னடே, வருமா வராதா?" என்று எனக்குப் பின்னால் ஒருத்தன் கேட்டான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினான். தம்பி என் முகத்தைப் பார்த்தான். சரி, செய்துவிடப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோளை லேசாகக் குலுக்கினான். சல்லடத்து மணி ஒரு தடவை சிணுங்கியது. அய்யோ, வேண்டாம்லே, பொய்யாடாதே, காலத்துக்கும் அப்பா முகத்தைப் பார்க்க முடியாதே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஏஏஏய்!"

அந்தச் சத்தம் ஓரத்திலிருந்து வந்தது. அப்பா எழுந்துவிட்டார். துண்டு எங்கேயோ பறந்தது. சல்லடமும் இல்லை, குல்லாவும் இல்லை, வெறும் வேட்டியோடு ஒரே எட்டில் வந்து தம்பி கையிலிருந்த வல்லயத்தைப் பிடுங்கினார். ஒரு சுற்று ஆடினார் பாருங்கள், பழைய ஆட்டம்! புழுதி கிளம்பியது. கூட்டம் பின்னால் நகர்ந்து கும்பிட்டது. பிறகு அப்படியே நின்று, தம்பியின் இடது கையை மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கினார்.

"எவம்லே இந்தக் கைய எனக்கு நேந்துவிட்டது?"

மேளக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டார்கள்.

"கேக்கேன்லா? எவன் நேந்துவிட்டது? நான் கேட்டனா இந்தக் கைய?"

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாமச் செஞ்சிட்டோம், பொறுத்துக்கணும்" என்றார். அந்தக் குரல் அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

"எனக்கு இந்தக் கை வேண்டாம். என் ஆளு இன்னும் சாவல. இது இவன் கை. இவன் பாடு, இவன் வாத்தியம் பாடு. குறுக்க எவனும் வரக் கூடாது!"

சொல்லிவிட்டு, பீடத்தில் பூசியிருந்த மஞ்சள் சாந்தை, மஞ்சணையை, வழித்து அந்த விரல்களில் அப்பினார். தம்பி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஓவென்று அழுதான். எத்தனை மாதத்து அழுகையோ. நான் ஓடிப்போய் அவன் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினேன். எனக்கும் கண்ணீர்தான், ஆனால் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பாடா, தப்பித்தான் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சாமி சொன்ன வாக்குக்கு மேல் எங்கள் சனத்தில் பேச்சு கிடையாது. சொன்னது மாடனா அப்பாவா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்பாவிடம் கேட்டேன். சாமி மலையேறிய பிறகு என்ன சொன்னோம் என்று சாமியாடிக்கு நினைவிருக்காது என்பது எல்லாரும் அறிந்தது. "எனக்கென்ன தெரியும்? மாடன் சொன்னா மாடன்ட்டப் போய்க் கேளு" என்று எரிந்து விழுந்தார். சாட்சிக் கூண்டில் ஏற்றி என்னைக் கேட்டால், சம்பவ இடத்தில் ரெண்டு பேருமே இருந்தார்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட்டு, மறுபடி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். தம்பி அதே டாக்டரிடம் திரும்பப் போனான். சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குகிற மாதிரி விரலுக்குப் பழக்கினார்கள். சுண்டு விரல் இன்றுவரை முழுதாகத் திருந்தவில்லை. அதனால் அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகிற வாசிப்பைப் பிடித்துக்கொண்டான். மோதிர விரல் பாதி நாள் சொன்னபடி கேட்கும், பாதி நாள் கேட்காது. கேட்காத நாளில் இரண்டு விரலை வைத்தே ஓட்டுகிறான். ஆசிப்புக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "டேய் லூசு, அன்னிக்கே சொல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போயிருப்பேனேடா" என்று அவன் அழுதான். 'கொடுக்கு' குழுவில் இப்போது வேறொரு பையன் வாசிக்கிறான், அது சரிதான். இவனும் ஜோஷ்வாவும் சேர்ந்து குற்றாலத்தில் ஒரு சின்ன வீட்டை எடுத்து ரெக்கார்டிங் பண்ணுகிறார்கள். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் இவனுடைய அந்த வழுக்கு வாசிப்பைக் கேட்டு வருகிறார்கள். பழைய வேகம் இல்லை. ஆனால் வாசிக்கும்போது பல்லைக் கடிப்பதில்லை. எனக்கு அதுவே போதும்.

இனி அந்த மத்தியானம். சாமிக்குப் படைத்த சோற்றை அள்ளிப் போட இலை விரித்துக்கொண்டிருந்தார்கள். அழுது ஓய்ந்த தம்பி, கொட்டகைக்குள் போய்க் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான். பந்தலுக்குள் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். கொஞ்சம் போனது. விரல் மடங்கியது. நிறுத்தினான், விரலைப் பிரித்துவிட்டான், மறுபடி வாசித்தான். மறுபடி மடங்கியது. ஒளிக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டே வாசித்தான்.

மூக்கம்மாள் அத்தை இலையை அப்படியே போட்டுவிட்டுக் கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏய்யா, கை சரியில்லையா ஒனக்கு? டாக்டர்ட்ட காமிச்சியா?"

இத்தனை மாதத்தில் ஒரு ஆள் கேட்காத கேள்வி. தம்பி கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தான்.

"ஆமா அத்த. கை சரியில்ல. காமிச்சேன், திரும்பப் போவல."

"ஏன் போவல?"

"பயமா இருந்துச்சு."

"பயந்தா முடியுமா? போயி காமிக்கணும்லா?" என்றாள் அத்தை, ஏதோ காய்ச்சலுக்குச் சொல்கிற மாதிரி.

சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இல்லண்ணே, அந்த வீடியோவுல பாத்தா அசல் சாமி வந்த மாதிரியே..." என்று மெதுவாக இழுத்தார்.

அப்பா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆடின ஆட்டத்துக்கு அது வீங்கியிருந்தது.

"ஏலே, நான் எத்தன வருசமா மாடன மேல வாங்கி ஆடுதேன். சாமி வந்தா முழு ஆளுக்கும்லா வரும்? ரெண்டு விரலுக்கு மட்டும் வந்துட்டுப் போவுமா? எனக்கு முட்டு வலி, அவனுக்கு விரல் வலி. எல்லாத்தையும் கொண்டுபோயி மாடன் தலையில கட்டாதீய."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. அப்பா தைலக் குப்பியை மூடினார். எழுந்து நொண்டிக்கொண்டே வந்து, தம்பியின் இடது கையைத் தூக்கி, சாமி மாதிரி அல்ல, சும்மா, அப்பா மாதிரி பார்த்தார்.

"மஞ்சண காஞ்சி போச்சு. கையக் கழுவிட்டு வாலே. சோறு ஆறுது."